பகிடி எப்ப வதையாகுது? மொட்டைக் கடிதம் தொட்டு வட்ஸ்அப் ஸ்டிக்கர் வரை

என்னுடைய பழைய போனில் ஒரு ஸ்டிக்கர் இன்னும் கிடக்குது. ஒரு பெண்பிள்ளையின் முகம். கண் பாதி மூடி, வாய் ஒரு பக்கம் இழுபட்டு, ஏதோ சொல்ல வந்து சொல் வராமல் நிற்கிற நேரத்தில் பிடித்த படம். கீழே மஞ்சள் எழுத்தில் "நெட் ஸ்லோ சேர்" என்று போட்டிருக்கும்.

2020இல் பாடசாலைகள் எல்லாம் மூடிக் கிடந்த நேரம் சூம் வகுப்பில் யாரோ எடுத்த ஸ்கிரீன்ஷொட் அது. படத்தில் இருக்கிறவள் எங்கட வகுப்புப் பிள்ளை. அவளுக்குக் கொஞ்சம் திக்குவாய். நேரில் படிக்கும்போது சேர்மார் பொறுத்திருந்து கேட்பார்கள். சூமில் யார் பொறுப்பது? பதில் தொண்டையில் நிற்கும்போதெல்லாம் அவள் "நெட் ஸ்லோ சேர்" என்று சொல்லிச் சமாளிப்பாள். எங்கட வரிப்பத்தான்சேனைப் பக்கம் அப்ப சிக்னல் இருந்த நிலைக்கு அதை நம்பவும் செய்யலாம். ஆனால் எங்களுக்கெல்லாம் உண்மை தெரியும். தெரிந்ததால்தான் அது பகிடியானது.

அந்த ஸ்டிக்கரை நான் செய்யவில்லை. மூன்று குரூப்புக்கு அனுப்பினேன், அவ்வளவுதான். இந்த "அவ்வளவுதான்" என்ற சொல்லோடுதான் எனக்கு இப்ப பிரச்சினை. கலைப்பீடத்தில் வரலாறு படிக்க வந்த பிறகு, ஒரு விசயம் எங்கிருந்து எப்படி வந்தது என்று தேடிப் பார்க்கிற பழக்கம் ஒட்டிக்கொண்டது. சரி, இதையும் தேடிப் பார்ப்போமே என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

கையெழுத்து இல்லாத கடிதம்

"எங்கட காலத்துல இதெல்லாம் இல்ல, எல்லாம் இந்த போன் வந்ததால வந்த கேடு" என்று வீட்டில் சொல்லுவார்கள். உம்மாவிடம் கொஞ்சம் துருவிக் கேட்டால் வேறு கதை வரும். கல்யாணம் பேசி முடித்த வீட்டுக்கு மொட்டைக் கடிதம் வந்த கதை, பாடசாலை மலசலகூடச் சுவரில் கரியால் இரண்டு பேரைச் சேர்த்து எழுதின கதை, சின்ன வயதில் வைத்த பட்டம் பேரப்பிள்ளை எடுத்த பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கிற கதை.

மொட்டைக் கடிதம் என்ற பெயரையே பாருங்க. அடியில் கையெழுத்து இல்லை, அதனால் மொட்டை. எழுதினவருக்கு முகம் இல்லை, எழுதப்பட்டவருக்கு மட்டும்தான் முகம். இன்றைக்கு நாங்க பேக் ஐடி என்று சொல்கிறதுக்கு எங்கட ஊர்களில் ஏற்கெனவே ஒரு பெயர் இருந்திருக்கு என்பதுதான் விசயம்.

ஆனால் வித்தியாசமும் இருக்கு. மொட்டைக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிறவர் ஒருவர். அவர் அதைக் கிழித்து அடுப்பில் போட்டால் முடிந்தது. சுவரில் எழுதினால் அடுத்த வருசம் சுண்ணாம்பு பூசுவார்கள். பட்டப்பெயர் நீண்ட ஆயுள் உள்ளதுதான், ஆனால் ஊர் எல்லையைத் தாண்டினால் அதற்கு உயிர் இல்லை. கொழும்புக்கு வேலைக்குப் போன ஒரு பையன் அங்கே தன் சொந்தப் பெயரோடு வாழலாம். அதாவது பழைய வதைக்கு ஒரு எல்லையும் ஒரு முடிவும் இருந்தது.

ஒரு சொல் பிறந்த கதை

இலங்கைத் தமிழில் பல்கலைக்கழக 'ராகிங்'கைப் பகிடிவதை என்று சொல்கிறோம். எனக்கு இந்தச் சொல் ரொம்பப் பிடிக்கும். செய்கிறவனுக்குப் பகிடி, படுகிறவனுக்கு வதை. ஒரே செயலை இரண்டு பக்கமும் நின்று பார்த்த யாரோதான் இதை உருவாக்கியிருக்க வேண்டும்.

1997இல் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்குப் போன வரப்பிரகாஷ் என்ற தமிழ் மாணவர், கடும் உடற்பயிற்சிகளைச் செய்யவைத்த பகிடிவதையால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு இறந்தார். அடுத்த வருசம், 1998இல், பகிடிவதையையும் கல்வி நிறுவனங்களில் நடக்கும் ஏனைய வன்முறைகளையும் தடைசெய்யும் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் உடம்புக் காயத்தோடு நிற்கவில்லை. மனவேதனையையும் பயத்தையும் பகிடிவதையின் வரைவிலக்கணத்துக்குள் சேர்த்தது. "நான் அவனத் தொடவே இல்லையே" என்ற சாட்டு செல்லாது என்று நாட்டின் சட்டம் எழுத்தில் சொன்னது. ஆனால் அது உயர்கல்வி நிறுவனங்களை மனதில் வைத்து எழுதப்பட்ட சட்டம். பத்தாம் வகுப்புப் பிள்ளையின் உலகம் அதில் பெரிதாக இல்லை.

பாடசாலைப் பிள்ளைகளின் உலகத்தை முதலில் உற்றுப் பார்த்தது ஸ்கண்டினேவிய நாடுகள். 1969இல் சுவீடனில் பீட்டர் போல் ஹெய்னமன் என்ற வைத்தியர், பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து ஒரு பிள்ளையைத் தாக்குவதைப் பற்றி எழுதினார். அவர் தத்தெடுத்த கறுப்பினப் பிள்ளைக்கு நடந்ததுதான் அவரை எழுதவைத்தது. அதற்கு அவர் எடுத்த சொல் 'மொபிங்'. அது பறவைகளைப் பற்றிப் பேசும்போது பாவித்த சொல். சின்னப் பறவைகள் கூட்டமாகச் சேர்ந்து ஒரு பெரிய பறவையைத் துரத்துவதற்கு அப்படிச் சொல்வார்கள். எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. பகலில் வழி தப்பி வந்த ஆந்தையைக் காக்கா எல்லாம் கூடிக் கொத்தித் துரத்துகிறதைப் பார்க்காத ஆள் ஊரில் இருக்கா? ஒரு காக்கா தனியாக வந்து கொத்தாது.

பிறகு டான் ஒல்வியஸ் என்ற உளவியலாளர் இதை ஆய்வாக எடுத்தார். 1982 கடைசியில் நோர்வேயின் வடபகுதியில் மூன்று சிறுவர்கள் சக மாணவர்களின் கொடுமையால் உயிரை மாய்த்துக்கொண்டதாகச் செய்தி வர, 1983இல் அந்த நாடு முழுக்கப் பாடசாலைகளில் ஓர் இயக்கம் தொடங்கியது. ஒல்வியஸ் மூன்று அடையாளங்களைச் சொன்னார். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, செய்கிறவருக்கும் படுகிறவருக்கும் இடையில் பலம் சமமில்லாமல் இருப்பது. நண்பர்கள் ஆளுக்காள் மாறி மாறிக் கேலி பண்ணுவதும் இதுவும் ஒன்றல்ல. பகிடி எந்த இடத்தில் வதையாகிறது என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த நேரான பதில் இதுதான்.

வலைக்குள் ஏறினது

2002இல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 14 வயதுப் பையன் ஒருவன், பாடசாலை ஸ்டூடியோவில் தனியாக நின்று, ஒரு கோலை வாளாக நினைத்துச் சுழற்றி விளையாடியதைத் தானே படம்பிடித்தான். கிஸ்லன் ராசா என்பது அவன் பெயர். கசெட்டை அங்கேயே மறந்துவிட்டான். அடுத்த வருசம் சக மாணவர்கள் அதைக் கண்டெடுத்து இணையத்தில் ஏற்றினார்கள். யூடியூப் வருவதற்கு முந்தின காலம் அது. அப்படியிருந்தும் கோடிக்கணக்கான ஆட்கள் பார்த்துச் சிரித்தார்கள். அவன் பாடசாலையை விட்டே போக வேண்டி வந்தது. வளர்ந்து பெரியவரான பிறகுதான் அதைப் பற்றி வெளியில் பேசினார்.

இதில் ஒல்வியஸின் இரண்டாவது அடையாளம் எப்படி மாறிப்போனது என்று கவனியுங்க. ஏற்றினவர்கள் ஒரே ஒரு தரம்தான் ஏற்றினார்கள். திரும்பத் திரும்பச் செய்தது பார்த்தவர்களும் பகிர்ந்தவர்களும். முந்தி ஒருவன் நூறு தரம் அடித்தால் வதை. இப்ப நூறு பேர் ஆளுக்கொரு தரம் தட்டினால் வதை. தட்டின ஒவ்வொருவரும் "நான் ஒரு தரம்தானே" என்பார்கள். நான் மூன்று தரம்.

2006 செப்டெம்பரில் பேஸ்புக் 13 வயது தாண்டிய எல்லாருக்கும் கதவைத் திறந்தது. அடுத்த மாதமே அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் 13 வயதுப் பிள்ளை ஒருத்தி இறந்தாள். 'மைஸ்பேஸ்' தளத்தில் ஒரு பையனின் பெயரில் பழகி, கடைசியில் அவளை வெறுத்துப் பேசிய அந்தக் கணக்கு பொய்க் கணக்கு. அதன் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் அதே தெருவில் இருந்த, அவளுடைய பழைய தோழியின் தாய். வழக்கு நடந்தது. ஆனால் தளத்தின் விதிமுறையை மீறியதைக் குற்றமாக்க முடியாது என்று 2009இல் நீதிபதி தீர்ப்பை மாற்றிவிட்டார். சட்டம் எப்பவும் ஒரு பஸ் பிந்தித்தான் வருகிறது.

தமிழ் பேசுகிற உலகத்துக்கு வருவோம். 2016 ஜூனில் தமிழ்நாட்டின் சேலம் மாவட்டத்தில் 21 வயதுப் பெண் ஒருவரின் முகத்தை வெட்டி ஒட்டிய படங்கள் பேஸ்புக்கில் வந்தன. வீட்டார் பொலிஸில் முறையிட்டும் நடவடிக்கை வேகமாக வரவில்லை. இன்னொரு படமும் வந்தது. அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்கு இரண்டு வருசம் முந்தி, 2014இல், குருணாகலில் ஒரு பாடசாலை மாணவியின் மரணம் பேஸ்புக்கோடு சேர்த்து எங்கட நாட்டுப் பத்திரிகைகளில் பேசப்பட்டது. அப்ப பெரியவர்களின் விவாதமெல்லாம் பேஸ்புக் நல்லதா கெட்டதா என்பதில்தான் நின்றது. பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம், சொல்லியிருந்தால் ஏச்சு விழுந்திருக்குமா உதவி கிடைத்திருக்குமா என்ற கேள்வி பின்னுக்குப் போய்விட்டது.

அம்பாறையில் ஒரு இரவு

இப்ப எங்கட பக்கத்துக் கதை. இது பாடசாலைப் பிள்ளைகளின் கதை இல்லை. ஆனாலும் இதை விட்டுவிட்டு எங்கட ஊர் ஆட்களிடம் இந்த விசயத்தைப் பேச முடியாது.

2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடை. சாப்பாட்டில் கிடந்த ஒரு கட்டியைக் காட்டி, இது மலட்டு மாத்திரை என்று ஒரு கூட்டம் சூழ்ந்துகொண்டது. கடையில் நின்றவருக்குச் சிங்களம் சரியாக வராது. மாத்திரை போட்டதா என்று அதட்டிக் கேட்க, பயத்தில், என்ன கேட்கிறார்கள் என்று சரியாக விளங்காமல், ஆம் என்பது போலத் தலையாட்டினார். அதைப் போனில் பிடித்தார்கள். வீடியோ பரவியது. அன்றிரவே கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அடுத்த வாரம் கண்டி, திகன என்று தீ பரவ, மார்ச் 7ஆம் திகதி அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் முடக்கியது. அந்தக் கட்டியைச் சோதித்துப் பார்த்த அரச இரசாயனப் பகுப்பாய்வில் அது வெறும் மாவு என்று தெரிந்தது. அப்படி நிரந்தர மலடாக்குகிற மாத்திரையே இல்லை என்று வைத்தியர்கள் சொன்னார்கள். இலங்கையில் தன் தளம் பாவிக்கப்பட்ட விதத்துக்காக 2020இல் பேஸ்புக் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

அந்த வீடியோவைப் பார்த்து எங்கட வீடுகளில் அழுதார்கள். "பேசத் தெரியாத மனிசன, பாசை வராத மனிசன இப்படிப் பண்ணிட்டானுகளே" என்று உம்மா சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு. இப்ப அதன் படிமுறையை மட்டும் தனியே எடுத்துப் பாருங்க. பேச முடியாமல் தடுமாறுகிற ஒருவர். அந்தத் தடுமாற்றத்தைப் பிடிக்கிற ஒரு போன். அதன் மேல் ஒட்டுகிற ஒரு பொய் எழுத்து. அதைப் பார்க்கக் காத்திருக்கிற ஒரு கூட்டம்.

இரண்டே வருசத்தில் நாங்க அதையே செய்தோம். அளவு வேறு. இங்கே கடை எரியவில்லை, யாரும் கல்லெறியவில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க நான் வரவில்லை. ஆனால் எங்களுக்கு நடந்தபோது அநியாயம் என்று அடையாளம் கண்ட ஒன்றை, நாங்க செய்தபோது பகிடி என்று சொன்னோமே, அதைத்தான் சொல்கிறேன்.

வீட்டுக்குள் வந்த பள்ளிக்கூடம்

2020 மார்ச் நடுவில் பாடசாலைகள் மூடின. அதுவரைக்கும் "ஏ/எல் முடியட்டும், அதுக்குப் பிறகு போன்" என்று சொன்ன வாப்பாமாரே கடன்பட்டு போன் வாங்கிக் கொடுத்தார்கள். பாடம், பயிற்சித்தாள், வரவு எல்லாம் வட்ஸ்அப்பில். அந்த வருசம் போன் இல்லாதவன் படிப்பு இல்லாதவன்.

முந்தி வகுப்பில் கேலிபட்ட பிள்ளைக்கு இரண்டு மணிக்கு மணி அடித்தால் விடுதலை. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தினால் அடுத்த நாள் காலை வரைக்கும் நிம்மதி. இப்ப வகுப்பே தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தது. குரூப்பை விட்டு விலகலாமே என்று சொல்வது லேசு. விலகினால் பாடமும் போகும். போதாததற்கு அப்பவெல்லாம் "விலகினார்" என்று எல்லாருக்கும் அறிவிப்பு வேற வந்தது. அந்த அறிவிப்புக்கும் சிரிப்பு ஸ்டிக்கர் போட்டார்கள்.

அவள் ஒரு செவ்வாய்க்கிழமை விலகினாள். இரண்டு நாளில் அவளுடைய பெயரில், அந்த ஸ்டிக்கர் படத்தோடு, ஒரு பேஸ்புக் கணக்கு வந்தது. பையன்களுக்கு "ஹாய்" போட்டது. கணக்கு பொய் என்று எங்களுக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாதே! வீட்டில் அவளுடைய போனைப் பறித்தார்கள். தண்டனை விழுந்தது யாருக்கு என்று பாருங்க. பாடசாலை திறந்தபோது அவள் வரவில்லை. எங்களோடு உயர்தரப் பரீட்சையும் எழுதவில்லை.

சிரித்த ஆட்கள்

1996இல் பின்லாந்து ஆய்வாளர் கிறிஸ்டினா சல்மிவல்லியும் அவருடைய குழுவும் ஒரு விசயத்தைக் காட்டினார்கள். வதைப்பவர், வதைபடுபவர் என்று இரண்டே பேர் இல்லை. கூட நின்று உதவுகிறவர், சிரித்து உற்சாகம் கொடுக்கிறவர், ஒதுங்கி நின்று பார்க்கிறவர், தடுக்க வருகிறவர் என்று வகுப்பு முழுதும் இதில் ஏதோ ஒரு இடத்தில் நிற்கிறது. பின்லாந்துப் பாடசாலைகளில் பிறகு வந்த 'கிவா' என்ற திட்டம் இதன் மேல்தான் கட்டப்பட்டது. வதைக்கிறவனைத் திருத்துவது கஷ்டம், அவனுக்குச் சிரிப்புக் கிடைக்காமல் செய்வது அதைவிட லேசு என்பது அதன் அடிப்படை. நான் எந்த இடத்தில் நின்றேன் என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நிமிசம்கூட எடுக்கவில்லை.

இதை அறிய பின்லாந்து வரைக்கும் போகவும் தேவையில்லை. குர்ஆன் மத்ரஸாவுக்குப் போன எங்களுக்கு ஹுஜுராத் அத்தியாயம் தெரியும். ஆண்கள் ஆண்களைக் கேலி செய்வதையும் பெண்கள் பெண்களைக் கேலி செய்வதையும் தனித்தனியாகச் சொல்லி, பட்டப்பெயர் வைப்பதையும் சேர்த்துத் தடுக்கிற வசனம் அதில் இருக்கு. ஓதின வாயும் அனுப்பின விரலும் ஒரே ஆளுடையதுதான்.

சட்டம் ஒன்று வந்திருக்கு. 2024 ஜனவரி 24இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம். இணையவழித் துன்புறுத்தல், ஆள்மாறாட்ட மோசடி, சிறுவர் துஷ்பிரயோகம் எல்லாம் அதில் குற்றம். அதேநேரம் அதன் சொற்கள் பரந்து கிடப்பதால் அரசாங்கத்தை விமர்சிக்கிறவர்களின் வாயை அடைக்கவும் உதவும் என்று ஊடகக்காரரும் மனித உரிமை அமைப்புகளும் எதிர்த்தார்கள். அந்தப் பயம் நியாயம் என்றுதான் நானும் நினைக்கிறேன். பிள்ளைகளின் பெயரைச் சொல்லிப் பெரியவர்களின் வாயைக் கட்டக்கூடாது.

சட்டத்துக்கு முந்திச் செய்யக்கூடியது சில இருக்கு. இதைப் படிக்கிற நீங்க பாடசாலைப் பிள்ளை என்றால், அப்படி ஒன்று வந்தால் அழிக்காதீங்க, முதலில் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்க. அதுதான் சாட்சி. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழைக்கலாம். மனசு உடைந்து போனால் 1926க்கு எடுத்துப் பேசலாம். நீங்க ராத்தா, நானா, வாப்பா, உம்மா என்றால் ஒன்று மட்டும். பிள்ளை வந்து சொல்லும்போது போனைப் பறிக்காதீங்க. பறித்தால் அடுத்த தரம் பிள்ளை சொல்லாது.

போன வருசம் அக்கரைப்பற்று பஸ்ஸில் அவளைக் கண்டேன். பக்கத்தில் இடம் இருந்தது, உட்கார்ந்தேன். வீட்டில் தையல் செய்கிறாளாம், நல்லா ஓடுதாம். இறங்க இரண்டு ஹோல்ட் இருக்கும்போது, அந்த ஸ்டிக்கரை நானும் அனுப்பினேன் என்று சொன்னேன்.

"தெரியும் புள்ள," என்றாள். "நீ அனுப்பின குரூப் ஒண்டுல எங்கட ராத்தாவும் இருந்தா."

நாலு வருசமா அவளுக்குத் தெரிந்திருக்கு. எனக்கு வேறு பேச்சு வரவில்லை. இதைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். பதில் வர நேரம் எடுத்தது, இந்தத் தரம் நான் பொறுத்திருந்தேன்.

"எழுது. என்ட பேரப் போடாத. ஆனா நெட் ஸ்லோ இல்ல, எனக்குத் திக்குவாய் எண்டு போடு. அதுல ஒரு வெக்கமும் இல்ல."

போட்டுவிட்டேன்.